உங்கள் ஈக்யூவை நீங்களே அளக்க முடியுமா? சோதனை ஒன்று சொல்கிறது, தங்கை வேறு சொல்கிறாள்

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை நடத்துகிறேன். போன மாதம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உணர்வுசார் நுண்ணறிவுச் (ஈக்யூ) சோதனை ஒன்றைச் செய்துபார்த்தேன். ‘மற்றவர் மனநிலையை என்னால் எளிதில் உணர முடியும்’, ‘கோபம் வந்தாலும் நிதானம் இழக்க மாட்டேன்’ என்கிற மாதிரி நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். நேர்மையாகத்தான் போட்டேன். ‘மிக உயர்ந்த நிலை’ என்று வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த வாரம் என் குழுவில் இருந்த ஒரு பெண் வேலையை விட்டுப் போனார். கடைசி நாளில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “உங்களிடம் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் இரண்டாவது நிமிடமே வழி சொல்லிவிடுவீர்கள் சார். அதற்குப் பிறகு பேச எனக்கு இடமே இருக்காது. அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன்.” வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தானே அண்ணா” என்றாள்.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அந்த நாற்பது வாக்கியங்களில் ஒன்றுக்கும் நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் என்னை நான் எதைக் கொண்டு அளப்பது? இந்த வயதில் இதை வளர்த்துக்கொள்ளவும் முடியுமா? புத்தகப் பரிந்துரை வேண்டாம். நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

---

தேன்சிட்டு

இந்தச் சோதனைகளை நானும் செய்திருக்கிறேன். நல்ல மனநிலையில் இருந்த நாளில் அதிகம் வந்தது, அம்மாவோடு சண்டை போட்ட நாளில் குறைவாக வந்தது. அன்றைக்கு நம்மைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோமோ அதைத்தான் அது அளக்கிறது என்று விட்டுவிட்டேன். இழையைத் தொடர்கிறேன்.

---

கிணற்றடி

நெடுவழி, நான் பதினைந்து வருடங்களுக்கு மேலாக உளவள ஆலோசனை வேலையில் இருக்கிறேன். தேன்சிட்டு சொன்னதில் விஷயம் இருக்கிறது, அதை விரிக்கிறேன்.

இந்தக் கருத்தை ஆய்வுலகில் முறையாக வரையறுத்தவர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் இருவரும். 1990-இல் கட்டுரையாக எழுதினார்கள். அவர்கள் பார்வையில் இது ஒரு திறமை. கணக்குப் போடத் தெரியுமா என்பதை ‘எனக்குக் கணக்கு நன்றாக வரும்’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் போட வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கணக்கைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படித்தான் டேவிட் கருசோவும் சேர்ந்து எம்எஸ்சிஈஐடி என்ற சோதனையை உருவாக்கினார்கள். 2002-இல் வந்த பதிப்பில் 141 கேள்விகள். முகப் படங்களைக் காட்டி இதில் எந்த உணர்வு எவ்வளவு தெரிகிறது என்று கேட்பார்கள். ஒரு சூழலை விவரித்து, இதில் இன்ன செயல் எவ்வளவு பலன் தரும் என்று கேட்பார்கள்.

நீங்கள் செய்தது இன்னொரு வகை, தன்மதிப்பீட்டு வகை. அதிலும் ஒழுங்காக உருவாக்கப்பட்டவை உண்டு. ஆனால் இரண்டு வகையையும் ஒரே ஆட்களுக்குக் கொடுத்தால் விடைகள் மிகக் குறைவாகவே ஒத்துப்போகின்றன. ‘எனக்கு வரும்’ என்று நினைப்பதும் வருவதும் வேறு.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேராகப் பொருந்தும். 2014-இல் ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் மூவரும் வெளியிட்டது. திறமைச் சோதனையில் கடைசிக் கால் பகுதியில் வந்தவர்கள்தான் தங்கள் உண்மை நிலையைவிட மிக அதிகமாகத் தங்களை மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பெண்ணைக் காட்டியபோது சோதனையே சரியில்லை என்றார்கள். வளர்த்துக்கொள்வதிலும் ஆர்வம் காட்டவில்லை. உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. குறை காதில் விழுந்ததும் நீங்கள் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாமல் இங்கே வந்து கேட்கிறீர்கள், அது வேறு இடம்.

எதை யாரிடம் கேட்பது என்பதற்கு சிமின் வசீரே 2010-இல் ஒரு பயனுள்ள பிரிப்பைக் கொடுத்தார். உள்ளே நடக்கும் பதற்றம், கவலை போன்றவற்றை நாமே நன்றாக அறிவோம். ஆனால் புத்திசாலித்தனம் போல நம் மதிப்பு சம்பந்தப்பட்ட விஷயங்களில் நமக்குக் கண் மறைக்கும். நெருங்கியவர்கள் நம்மைவிடச் சரியாகச் சொல்வார்கள். அதனால் ‘நான் பதற்றமாக இருக்கிறேனா’ என்பதை உங்களிடமே கேளுங்கள். ‘நான் நன்றாகக் கேட்பவனா’ என்பதை உங்களிடம் கேட்காதீர்கள்.

---

கல்மண்டபம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த ஈக்யூ என்ற சொல்லின் மீதே மனவருத்தம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

1995-இல் டேனியல் கோல்மனின் புத்தகம் வந்த பிறகு இது பெரிய சந்தையானது. ‘வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் ஈக்யூதான்’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். அவர் எழுதியது அதுவே இல்லை. ஐக்யூ அதிகபட்சம் 20 சதவீதம், மீதி மற்ற எல்லாக் காரணங்களும் என்றுதான் எழுதினார். அந்த ‘மற்ற எல்லாம்’ என்பதில் பிறந்த குடும்பம், அதிர்ஷ்டம், உடல்நலம் எல்லாமே அடக்கம். அதை அப்படியே தூக்கி ஈக்யூ தலையில் வைத்துவிட்டார்கள்.

கிணற்றடி அக்கா சொன்ன திறமைச் சோதனையிலும் எனக்குக் கேள்வி இருக்கிறது. கணக்குக்கு விடை ஒன்று. ஒரு முகத்தில் எவ்வளவு சோகம் இருக்கிறது என்பதற்கு எது சரியான விடை? பெரும்பாலானோர் சொன்னது, அல்லது 21 வல்லுநர்கள் சொன்னது. எல்லோருக்கும் தெரியாததைப் பார்க்கிற கூர்மையான ஒருவருக்கு அதில் மதிப்பெண் குறையும்.

கடைசியாக ஒன்று. உணர்வுகளைக் கையாளத் தெரிந்தவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்டெஃபான் கோட்டேயும் மற்றவர்களும் 2011-இல் காட்டினார்கள்: அந்த அறிவு அறவுணர்வு உள்ளவரிடம் இருந்தால் நன்மை கூடுகிறது, பிறரைக் காய் நகர்த்தும் குணம் உள்ளவரிடம் இருந்தால் கெடுதல் கூடுகிறது. நான் அப்படிப்பட்ட ஒருவரின் கீழ் நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் எப்போது உடைவேன் என்று அவருக்கு மிகத் துல்லியமாகத் தெரியும்.

---

கிணற்றடி

கல்மண்டபம், நீங்கள் சொன்ன மூன்றையும் ஏற்கிறேன். அந்த நான்கு வருடத்துக்காக வருந்துகிறேன்.

அதனால்தான் எண்ணை விட்டுவிடுங்கள் என்பேன். அந்தச் சோதனையில் என் வேலைக்கு உதவுவது அதன் நான்கு கிளைகள். உணர்வைக் கண்டுகொள்வது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. யாரும் நான்கிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நெடுவழி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குக் கஷ்டம் என்பதை உடனே கண்டுகொள்கிறீர்கள். அதற்கடுத்த அடியில்தான் ஏதோ நடக்கிறது. ‘என் ஈக்யூ எவ்வளவு’ என்று கேட்டால் இது தெரியாது.

---

இரவுப்பணி

நான் செவிலியர். எங்கள் வேலையில் ஒருவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வதாக எல்லோரும் நினைப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வயதான அம்மா மூன்று நாளாக மாத்திரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘கோபக்காரப் பாட்டி’ என்று பேரே வைத்துவிட்டோம். மருந்தின் அவசியத்தை நான் பொறுமையாக விளக்கினேன், மருத்துவர் விளக்கினார், மகன் கெஞ்சினார். நான்காம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “மாத்திரை நேரம் வந்தால் உங்களுக்கு என்னம்மா ஆகிறது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார், கை நடுங்குகிறதாம். தண்ணீர் மேலே கொட்டிவிடுகிறதாம். எல்லோரும் பார்க்கிற நேரத்தில் அது நடப்பதைத் தாங்க முடியவில்லையாம். கோபம் என்று நாங்கள் படித்தது கூச்சம். மறுநாள் மூடி போட்ட குவளையும் உறிஞ்சு குழாயும் கொடுத்தோம். மாத்திரை சாப்பிட்டார்.

அந்த மூன்று நாளும் நான் அவர் இடத்தில் என்னை வைத்துத்தான் யோசித்தேன். என் இடத்திலிருந்து கொண்டுபோனதைத்தான் அங்கே கண்டுபிடித்தேன். இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.

---

கிணற்றடி

இரவுப்பணி சொன்னதை இந்த இழையில் எல்லோரும் இரண்டு முறை படியுங்கள்.

இயால், ஸ்டெஃபல், எப்லி என்பவர்கள் 25 சோதனைகள் நடத்தி 2018-இல் வெளியிட்டார்கள். மற்றவர் இடத்தில் நின்று யோசிக்கச் சொன்னபோது, அவரைப் புரிந்துகொள்ளும் துல்லியம் கூடவே இல்லை. ‘நான் புரிந்துகொண்டேன்’ என்ற நம்பிக்கை சில நேரம் கூடியது. நேரடியாகக் கேட்டவர்களுக்குத்தான் துல்லியம் கூடியது. இன்னொன்று, விளக்கை அணைத்த பிறகு கேட்டது தற்செயலாக இருக்கலாம், ஆனால் நல்ல தற்செயல். மைக்கேல் க்ராஸ் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தையும் பார்த்துக் குரலையும் கேட்டவர்களைவிடக் குரலை மட்டும் கேட்டவர்கள் பிறர் உணர்வைச் சரியாகக் கணித்தார்கள். முகத்தை மறைக்க நாம் சிறு வயதிலேயே பழகிவிடுகிறோம், குரலில் அந்த அளவு பழக்கமில்லை என்பது என் எண்ணம்.

---

வெள்ளைத்தாள்

நீங்கள் எல்லோரும் மற்றவர் உணர்வைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு என்னுடையதே தெரியவில்லை. இதை இதற்கு முன் எங்கும் எழுதியதில்லை.

மனைவி “என்ன ஆச்சு?” என்று கேட்பார். “ஒன்றுமில்லை” என்பேன். மறைக்கிறேன் என்று நினைக்கிறார். மறைக்கவில்லை. உள்ளே தேடிப் பார்க்கிறேன், நிஜமாகவே ஒன்றும் அகப்படுவதில்லை. கழுத்து வலிக்கும். சாப்பாடு இறங்காது. இரண்டு நாள் கழித்து ஒரு சின்ன விஷயத்துக்குக் கத்திவிடுவேன், அப்போதுதான் எனக்கே ‘ஓ, ஏதோ இருந்திருக்கிறது’ என்று தெரியும். அப்பா இறந்தபோது நான் அழவில்லை. எல்லா ஏற்பாடுகளையும் நான்தான் செய்தேன். என்ன திடமான பிள்ளை என்றார்கள். ஐந்து மாதம் கழித்து அவருடைய பழைய சட்டைப் பையில் ஒரு பேனாவைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தேன். அழுகை அப்போதும் வரவில்லை.

இதை வளர்த்துக்கொள்ள முடியுமா என்று நெடுவழி சார் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்கிறேன்.

---

கிணற்றடி

வெள்ளைத்தாள், எழுதியதற்கு நன்றி. ஒன்றும் அகப்படவில்லை என்று சொன்ன அதே பத்தியில் கழுத்தையும் சாப்பாட்டையும் எவ்வளவு சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்.

தன் உணர்வை அடையாளம் காணவும் சொல்லால் சொல்லவும் சிரமப்படும் இந்தத் தன்மைக்கு 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்சிதைமியா என்று பெயர் வைத்தார். இது நோய்ப் பட்டியலில் உள்ள ஒன்றில்லை. ஒரு குணக்கூறு, கொஞ்சமாக இருப்பவரும் உண்டு, நிறைய இருப்பவரும் உண்டு. உங்களுக்கு அதுதான் என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் வழி ஒன்றுதான்: உடலில் இருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, கழுத்து, தாடை, நெஞ்சு, வயிறு, கை. எங்கே இறுக்கம், எங்கே சூடு, எங்கே கனம். அதற்கு முன் என்ன நடந்தது, ஒரு வரி. உணர்வுக்குப் பெயர் வராவிட்டால் விட்டுவிடுங்கள். சில வாரத்தில் கழுத்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிச் சம்பவம் வருவதைப் பார்ப்பீர்கள்.

அப்பாவைப் பற்றிய பகுதிக்கு ஒரு நல்ல ஆலோசகரை நேரில் பாருங்கள். அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

---

பழையஏடு

தமிழ் கற்றுக்கொடுப்பவன் நான். உளவியல் தெரியாது. ஆனால் பெயர் என்ற பேச்சு வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாணவர்களிடம் ‘இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டால் நான்கு சொற்கள்தான் வருகின்றன: நன்றாக இருக்கிறேன், டென்ஷன், போர், கோபம். நம் மொழியில் கோபம் என்ற ஒரே சாக்குக்குள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு நாள் கரும்பலகையில் எழுதினோம். எரிச்சல், கடுப்பு, ஆத்திரம், ஆதங்கம், மனத்தாங்கல், பொருமல், ஆற்றாமை.

இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் கிடையாது. மனத்தாங்கல் முன்பின் தெரியாதவரிடம் வராது. நெருக்கமானவர் மீதுதான் வரும். அதற்கு மருந்து, அவர் வந்து ஒரு வார்த்தை பேசுவது. ஆதங்கம் என்றால் நமக்கு அக்கறை உள்ள ஒன்று இப்படி ஆகிறதே என்ற தவிப்பு. அதில் பகை இல்லை. ஆற்றாமை என்றால் செய்ய வழியில்லாத வலி. பொருமல் என்றால் சொல்ல முடியாமல் உள்ளேயே வீங்குவது. ஆத்திரத்தில் அவசரம் இருக்கிறது, ‘ஆத்திர அவசரத்துக்கு’ என்று சொல்கிறோமே, அந்த அவசரம். கடுப்பு என்ற சொல்லை உடம்பு வலிக்கும் பயன்படுத்துகிறோம், வயிற்றுக்கடுப்பு, நீர்க்கடுப்பு. வெள்ளைத்தாள், உங்கள் கழுத்தும் வயிறும் பேசும் மொழியை நம் மொழி முன்பே சேர்த்து வைத்திருக்கிறது.

ஒரு மாணவி பலகையைப் பார்த்துவிட்டு, “ஐயா, எனக்கு என் தோழி மேல் கோபம் என்று நினைத்தேன். இது மனத்தாங்கல்” என்றாள். மறுநாள் இருவரும் பேசிவிட்டார்கள். கோபம் என்றே நினைத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டாள்.

தொல்காப்பியம் உணர்வுகளை எட்டாக வகுத்து அவற்றுக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுந்தது உடம்பில் தெரிவதுதான் கணக்கு. எட்டில் ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் இடம் நான்கு என்றும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமதிப்பில் வருகிற கண்ணீரும் இழப்பில் வருகிற கண்ணீரும் பார்க்க ஒன்றுதான், பிறந்த இடம் வேறு. இடம் தெரியாமல் ஆறுதல் சொல்லப் போனால் அது ஒட்டாது.

---

கல்மண்டபம்

ஐயா, இதற்காகவே இந்த இழையில் இருக்கிறேன். நான் நான்கு வருடம் கோபம் என்று நினைத்துச் சுமந்தது ஆற்றாமை. இன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.

---

கிணற்றடி

பழையஏடு ஐயா சொன்னதை லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்ற ஆய்வாளர்கள் இருபது வருடத்துக்கு மேலாக ஆராய்கிறார்கள். உணர்வுகளை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்பவர்கள், குறிப்பாகக் கசப்பான உணர்வுகளை, அவற்றைக் கையாள்வதிலும் கூடுதல் வழிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

பெயர் சொல்வதே தணிக்கவும் செய்கிறது. மேத்யூ லீபர்மன் 2007-இல் மூளைப் படங்களை வைத்துக் காட்டினார்: முகத்தில் தெரியும் உணர்வுக்குப் பெயர் சொன்னபோது பயம் போன்ற உணர்வுகளில் வேலை செய்யும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் எழுச்சி குறைந்தது. 2012-இல் சிலந்திக்குப் பயப்படுபவர்களை வைத்து இன்னொரு சோதனை. உயிருள்ள பெரிய சிலந்தியின் எதிரில் ‘இந்த அருவருப்பான சிலந்தியைப் பார்த்து எனக்குப் பதற்றமாக, பயமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்ன குழு ஒன்று. ‘சின்னச் சிலந்திதானே, ஒன்றும் செய்யாது’ என்று தேற்றிக்கொண்ட குழு இன்னொன்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பயத்தைப் பயம் என்று சொன்னவர்களின் உடல்தான் குறைவாகப் பதறியது.

நமக்குச் சொல்லித் தரப்பட்டது இரண்டாவது வழி. அழுகிற குழந்தையிடம்கூட ‘ஒன்றுமில்லை ஒன்றுமில்லை’ என்றுதானே சொல்கிறோம்.

---

நெடுவழி

எல்லாப் பதில்களையும் அச்செடுத்துப் படித்தேன். ஒரு சந்தேகம். பெயர் கண்டுபிடித்தாகிவிட்டது, எரிச்சல்தான், சரி. அடுத்து என்ன செய்வது? கொட்டித் தீர்த்துவிடு என்கிறார்கள் சிலர், அடக்கு என்கிறார்கள் சிலர்.

---

கல்மண்டபம்

கொட்டுவது பற்றி எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதை நம்பிக் குத்துப்பை ஒன்றை வாங்கி வீட்டில் தொங்கவிட்டேன். ஒவ்வொரு குத்துக்கும் அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொள்வேன். முடித்துவிட்டு வரும்போது இன்னும் கொதிப்பேன். பிறகுதான் ப்ராட் புஷ்மன் 2002-இல் இதையே சோதித்திருப்பதைப் படித்தேன். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்தியவர்கள்தான் எல்லோரையும்விட அதிகக் கோபத்தில் இருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் பிறரைத் தாக்கும் போக்கு மிகக் குறைவு.

---

கிணற்றடி

அடக்குவதும் இலவசம் கிடையாது. எமிலி பட்லர் குழுவின் 2003 ஆய்வில், முன்பின் அறியாத இரண்டு பெண்கள் மனத்தைக் கலக்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரிடம் மட்டும் உணர்வை வெளியே காட்டாதீர்கள் என்று ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுமே அறியாத மற்றவரின் இரத்த அழுத்தம் ஏறியது. வீட்டில் ஒருவர் ‘உம்’ என்று இருந்தால் மற்றவர்களுக்குப் படபடப்பு வருவதற்குக் காரணம் கற்பனை இல்லை.

ஜேம்ஸ் க்ரோஸ் இந்தத் துறையில் முக்கியமானவர். உணர்வைக் கையாள ஐந்து இடங்கள் உண்டு என்கிறார்: சூழலைத் தேர்வது, சூழலை மாற்றுவது, கவனத்தைத் திருப்புவது, பார்க்கும் விதத்தை மாற்றுவது, கடைசியாக வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது. கொட்டுவதா அடக்குவதா என்ற உங்கள் கேள்வி ஐந்தாவது இடத்தில் நிற்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்த பிறகு கரையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. மேலே நான்கு மதகுகள் இருக்கின்றன.

---

காலைவெயில்

முதல் மதகு பற்றி மட்டும் எனக்குச் சொல்ல இருக்கிறது. இரண்டு சிறு பிள்ளைகளின் அம்மா. பிள்ளைகளிடம் கத்துகிறேன் என்ற குற்றவுணர்வில் செத்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் ஒரு நோட்டில் குறித்தேன்: கத்திய நேரம், அதற்கு முன் எப்போது சாப்பிட்டேன், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன். பத்தொன்பது முறை. அதில் பதினான்கு, மாலை ஆறிலிருந்து ஏழரைக்குள். பெரும்பாலும் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான நாட்கள்.

என்னைப் பொறுமையில்லாத அம்மா என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். பொறுமையைத் தேடுவதை விட்டுவிட்டு ஐந்தே முக்காலுக்கு நான் ஏதாவது சாப்பிட ஆரம்பித்தேன். கணவர் அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆறு வாரத்தில் ஐந்து முறை.

தூக்கத்துக்கும் ஆய்வு இருக்கிறது, தேடிப் படித்தேன். மேத்யூ வாக்கர் குழு 2007-இல் செய்தது. சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்குக் கசப்பான படங்களைக் காட்டியபோது அமிக்டலாவின் எழுச்சி 60 சதவீதம் கூடுதலாக இருந்ததாம். நான் அந்த அளவு விழித்திருக்கவில்லை, ஆனால் படித்தபோது என் மேல் இருந்த ஒரு பாரம் இறங்கியது.

---

தேன்சிட்டு

எழுதுவதால் பலன் உண்டா என்று யாராவது கேட்டால்: ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் தொடங்கிய முறையை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனத்தை அழுத்தும் ஒன்றைப் பற்றி, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். அவருடைய ஆய்வில் அப்படி எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதி முடித்த உடனே மனம் கனக்கும், அதை எதிர்பார்த்து உட்காருங்கள்.

---

கிணற்றடி

வளர்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. முடியும், அளவாக. டெல்ஃபின் நெலிஸும் மற்றவர்களும் 2009-இல் வெளியிட்டதில், இரண்டரை மணி நேர வகுப்புகள் நான்கு மட்டுமே நடந்தன. உணர்வை அடையாளம் காண்பதிலும் கையாள்வதிலும் முன்னேற்றம் தெரிந்தது, ஆறு மாதம் கழித்தும் இருந்தது. நடந்த சம்பவத்தை எழுதி அலசுவதும் செய்து பார்ப்பதும்தான் வேலை. கேட்டுவிட்டுப் போகிற சொற்பொழிவில் இது வராது. நெடுவழி, செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

---

நெடுவழி (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

வந்துவிட்டேன். செய்ததைச் சொல்கிறேன்.

தங்கை, ஒரு பழைய நண்பர், குழுவில் ஒருவர், இந்த மூன்று பேரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். ‘நான் நன்றாகக் கேட்கிறேனா’ என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். அதனால் இப்படிக் கேட்டேன்: நான் எரிச்சலில் இருக்கிறேன் என்று உங்களுக்கு எதில் தெரியும்? எந்த மாதிரி விஷயத்தை என்னிடம் கொண்டுவரத் தயங்குவீர்கள்? பதில் சொல்லும்போது விளக்கம் கொடுக்க மாட்டேன், நன்றி மட்டும் சொல்வேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது.

முதல் கேள்விக்கு மூவரும் ஒரே பதில்: “சரி சரி” என்று இரண்டு முறை சொல்வேனாம். எனக்கு அது எரிச்சல் என்றே தெரியாது. வேகமாக வேலை பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் நோட்டு. யாராவது கஷ்டத்தைச் சொல்லும்போது என் உடம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் குறித்தேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் வாரம், குழுவில் ஒருவர் தன் குழந்தையின் உடல்நிலையைப் பற்றிப் பேசினார். அப்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்ததைப் பிடித்துவிட்டேன். வழி சொல்ல வாயைத் திறந்ததும் அந்த இறுக்கம் விட ஆரம்பித்தது. அன்று இரவு பழையஏடு ஐயாவின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். எரிச்சல் இல்லை. தவிப்பு. எதிரில் ஒருவர் கஷ்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் சொல்லும் வழி அவருக்காக இல்லை, என் தவிப்பு அடங்குவதற்காக. 41 வருடம் இதை உதவும் குணம் என்று நினைத்திருக்கிறேன்.

“வழி வேண்டுமா, கேட்டால் போதுமா?” என்று கேட்டுப் பழகினேன். முதலில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது, ஒருவர் முகம் சுளித்தார். இப்போது அதை விட்டுவிட்டு, “அப்புறம்?” என்று மட்டும் கேட்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது ‘அப்புறம்’ வரும்போதுதான் உண்மையான விஷயம் வருகிறது.

வேலையை விட்டுப் போன அந்தப் பெண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நீங்கள் சொன்னது சரி, இப்போதுதான் விளங்கியது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும். படித்துவிட்டார். பதில் வரவில்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

---

இரவுப்பணி

மூன்றாவது ‘அப்புறம்’ என்பதை எங்கள் வார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் சார்.

---

வெள்ளைத்தாள்

நானும் குறித்துக்கொண்டுதான் வருகிறேன். மூன்று வேளை என்று கிணற்றடி அக்கா சொன்னார், எனக்கு ஒரு வேளைதான் முடிகிறது. ஆலோசகரை இரண்டு முறை பார்த்தேன்.

போன வாரம் மனைவி “என்ன ஆச்சு?” என்று கேட்டார். பழக்கத்தில் “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துச் சமையலறைக்குப் போய், “கழுத்து இறுக்கமாக இருக்கிறது. காலையில் ஒரு போன் வந்த பிறகுதான். என்னவென்று இன்னும் தெரியவில்லை” என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தோம்.

பழையஏடு ஐயா, அந்த நேரத்தில் எனக்கு இருந்ததற்கு ஒரு சொல் வேண்டும். துக்கம் இல்லை, பயம் இல்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்ததும் உடம்பு தளர்கிறதே, அதற்கு.

---

பழையஏடு

ஆசுவாசம் என்று ஒரு சொல் இருக்கிறது. பொருந்துகிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.